வயிற்றுவலியும் விபூதியும்

மதத்தையும் சாதியையும் பற்றி எழுதவே இடம் போதாமலிருக்கும்போது அடிவயிற்று வலியைப் பற்றி இங்கு எழுத வந்தது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நாம் சொல்லுவது என்னவென்றால், மூடநம்பிக்கை மனிதனுடைய வீட்டிற்குள் நுழைவது புராணப் பிரசங்கத்தின் வழியாக அல்ல, பெரும்பாலும் வயிற்றுவலியின் வழியாகத்தான் என்பதே. கையில் காயம்பட்டால் ரத்தம் தெரிகிறது; காலில் முள் குத்தினால் முள் தெரிகிறது. வயிற்றுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துப் பேசலாமல்லவா? ஆகவேதான் தலைவலிக்குத் தைலம் தேடுகிற மனிதன், வயிற்றுவலி என்றவுடன் செய்வினை என்கிறான், கண்ணேறு என்கிறான், இடுமருந்து என்கிறான், குடலேற்றம் என்கிறான்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சென்ற ஆண்டு நடந்த சங்கதியைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். பத்தொன்பது வயதுப் பெண். கல்யாணமாகி எட்டு மாதம். ஒருநாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலி என்றாள். சோறு வேண்டாமென்றாள், ஒருமுறை வாந்தியும் ஆயிற்று. "பிள்ளை உண்டாகியிருக்கும்" என்று மாமியார் சந்தோஷப்பட்டார். சாயங்காலம் வலி வலப்புறத்து அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. குடலேற்றமென்று ஒரு கிழவியை அழைத்து விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவினார்கள். பெண் அலறினாள். அலற அலற, "ஏறின குடல் இறங்குகிறது" என்று கிழவி இன்னும் அழுத்தினாள். மறுநாள் பக்கத்து ஊரில் மருந்து எடுக்கிறவரிடம் கொண்டுபோனார்கள். அவர் அந்தப் பெண்ணின் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, தம் வாயிலிருந்து ஒரு மயிர்ச் சுருணையைத் துப்பிக் காட்டி, "யாரோ சோற்றில் வைத்துக் கொடுத்தது, எட்டு மாதமாக உள்ளே ஊறிப் போயிருந்தது" என்று சொல்லி ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் என்றால் கல்யாணமான நாளிலிருந்து என்று அர்த்தமாயிற்று. அந்தக் கணக்கினால் இரண்டு சம்பந்தி வீடுகளுக்கும் பேச்சு நின்றுபோனது தனிக் கதை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்து எடுத்த அரைமணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வலி உண்மையாகவே குறைந்தது! எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டாள். குலதெய்வத்திற்குத் தேங்காய் உடைத்தார்கள். அன்றிரவு பதினொரு மணிக்குக் குளிர்ஜுரம் கண்டது. வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. விடியற்காலையில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழாக இருந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இன்றைக்கும் அவளுடைய மாமனார் நம்மிடத்தில் சொல்லுவது என்ன தெரியுமா? "நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க தம்பி, அந்த ஆளு மருந்தெடுத்த நிமிஷம் வலி நின்னது. அதை நான் கண்ணால பாத்தேன்" என்பதுதான்.

அவர் பொய் சொல்லவில்லை. வலி நின்றது நிஜந்தான். ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

குடல்வால் என்பது சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில், வலப்புறத்து அடிவயிற்றில், விரல் நீளத்திற்குத் தொங்கும் ஒரு குருட்டுக் குழாய். ஒரு பக்கம் திறப்பு, மறுபக்கம் மூடியது. இறுகிய மலத்துணுக்கோ, உள்சதையின் வீக்கமோ அந்தத் திறப்பை அடைத்துவிட்டால், உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் குழாய் உப்புகிறது, கிருமிகள் பெருகுகின்றன, உப்பின சுவருக்கு ரத்தம் வருவது தடைப்படுகிறது. முதலில் வலி தொப்புளைச் சுற்றி வருவதற்குக் காரணம், குடல்வாலின் நரம்பும் தொப்புளின் தோல் நரம்பும் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்திற்குப் போய்ச் சேருவதேயாகும். மூளைக்கு இடம் பிரித்துத் தெரிவதில்லை. அழற்சி வளர்ந்து வயிற்றின் உட்புறத்து உறையைத் தொட்ட பிறகுதான் வலி சரியான இடத்திற்கு வந்து நிற்கிறது. அங்கே விரல் வைத்தால் தாங்கமுடிவதில்லை. கவனியாமல் விட்டால் ஒன்றிரண்டு நாட்களில் சுவர் அழுகி வெடிக்கலாம். வெடித்தவுடன் உள்ளேயிருந்த அழுத்தம் தணிகிறபடியால் சில நாழிகை நேரம் வலி குறைவதுமுண்டு. பிறகுதான் சீழ் பரவி உயிருக்கு ஆபத்து வருகிறது.

ஆகவே அந்த மாமனார் கண்ணால் கண்டது ஆபத்து நீங்கின நேரத்தையல்ல. ஆபத்து துவங்கின நேரத்தை. மந்திரவாதிக்குப் பேர் கிடைத்ததும் அந்தப் பெண்ணின் குடல்வால் வெடித்ததும் ஒரே நிமிஷத்தில் என்றால், இதைவிடக் கொடிய தற்செயல் வேறென்ன இருக்கமுடியும்?

இந்த வியாதியை மேனாட்டாரும் ஆதிமுதலே அறிந்திருந்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1735-ல் லண்டனில் கிளாடியஸ் அமியாண்டு என்னும் வைத்தியர் பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்குக் குடலிறக்கத்தை அறுக்கும்போது, உள்ளே ஒரு ஊசி குத்தி ஓட்டையாகிக் கிடந்த குடல்வாலைக் கண்டு நீக்கினார், பையன் பிழைத்தான். ஆயினும் அதற்கப்புறம் நூற்றைம்பது வருஷகாலம், வலப்புற அடிவயிற்றுச் சீழெல்லாம் பெருங்குடலின் வியாதி என்றே பெரிய பெரிய டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு பிட்ஸ் என்பவர், இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்துச் சேகரித்த விவரங்களைக் கொண்டு, மூலகாரணம் குடல்வாலே என்று நிரூபித்து, அதற்கு அப்பெண்டிசைடிஸ் என்ற பெயரையும் வைத்தார். 1889-ல் நியூயார்க்கிலிருந்த மக்பர்னி என்பவர், எந்த இடத்தில் விரல் வைத்தால் வலி மிகுதியாகத் தெரியும் என்பதை அளந்து சொன்னார். இன்றைக்கும் அந்த இடத்திற்கு அவர் பெயர்தான்.

ராஜாக்களுக்கும் இதே கதிதான். இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு 1902 ஜூன் 26-ந் தேதி பட்டாபிஷேகம் என்று ஏற்பாடாயிருந்தது. அன்னியதேசத்து அரச குடும்பத்தார்கள் வந்து இறங்கிவிட்டார்கள். விருந்துக்கு வேண்டியதெல்லாம் தயார். இரண்டு நாள் முன்னதாக, 24-ந் தேதி, பிரெடெரிக் டிரீவ்ஸ் என்னும் வைத்தியர் அரண்மனையிலேயே மன்னர் வயிற்றை அறுத்துச் சீழை வெளியேற்றினார். பட்டாபிஷேகம் ஆகஸ்டு 9-ந் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. மதகுருமார்களின் ஜெபத்திற்கு அந்த மன்னருக்கா குறைவு? ஆனால் ஜெபத்தை நம்பிக் கத்தியை வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. அந்த டிரீவ்ஸ் தம்முடைய சொந்த மகளை இதே வியாதிக்குப் பறிகொடுத்தவர் என்பதையும் சொல்லவேண்டும். வைத்தியமும் தோற்கும். தோற்றால் ஏன் தோற்றோமென்று கேட்டு அடுத்தமுறை திருத்திக்கொள்ளும். விபூதியிடத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

நிற்க, விபூதி என்று சொன்னதும் சைவ அன்பர்களுக்கு அப்பருடைய சூலைநோய் ஞாபகம் வரும். சமணராயிருந்தவருக்குச் சூலை கண்டதென்றும், சமண முனிவர்கள் மந்திரித்த நீரும் மயிற்பீலியும் கொண்டு பார்த்தும் தீரவில்லையென்றும், இரவோடிரவாகத் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருநீறு பெற்றுப் பாடவும் நோய் தீர்ந்ததென்றும் பெரியபுராணம் சொல்லுகிறது. இதில் சமணருடைய மந்திரம் தோற்றது, சைவருடைய விபூதி ஜெயித்தது என்பதே கதையின் சாரம். அந்த நோய் இன்னதென்று இன்றைக்கு யாரும் ஊர்ஜிதமாகச் சொல்லமுடியாது. ஆனால் அடிவயிற்று வலிகளில் பல, ஒன்றும் செய்யாவிட்டாலும் தாமாகவே நிற்பவை என்பது மாத்திரம் நிச்சயம்.

உதாரணமாகக் கல்லடைப்பை எடுத்துக்கொள்ளுவோம். சிறுநீரகத்திலிருந்து ஒரு சிறு கல் நீர்க்குழாயில் இறங்கினால், விலாவிலிருந்து அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் வலி பாய்கிறது. அலையலையாக வரும், மனிதன் தரையில் புரளுவான். ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல்லானால் பெரும்பாலும் தானாகவே சிறுநீரோடு வெளியேறிவிடும். கல் விழுந்த நிமிஷத்தில் வலி கத்தரித்தாற்போல் நிற்கும். அந்த நிமிஷத்தில் எந்தச் சாமி பக்கத்திலிருந்ததோ அந்தச் சாமிக்குப் புகழ்! திருப்பதி வழியில் நின்றால் வெங்கடாசலபதி, நாகூர் வழியில் நின்றால் ஆண்டவர், வேளாங்கண்ணியில் நின்றால் மாதா. வீட்டுத் திண்ணையில் நின்றால் மாத்திரம் யாருக்கும் புகழில்லை. நின்றவைகளெல்லாம் உண்டியலில் கணக்காகிவிடுகின்றன. நிற்காதவர்கள் திரும்பிவந்து சாட்சி சொல்லுவதில்லை.

இனி, தொட்டால் வலிக்கிறது என்பதற்கும் சும்மா வலிக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஜனங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். கல்லடைப்பிலும் வாயுவினாலும் துடிக்கிறவன் ஓரிடத்தில் இருக்கமாட்டான். அழுத்திப் பிடித்தால் சற்றுச் சுகமென்றுகூடச் சிலர் சொல்லுவார்கள். வயிற்றின் உள்உறையில் அழற்சி கண்டவனோ அசையவே பயப்படுவான். முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடப்பான். இருமினால் வலி, வண்டி குழியில் இறங்கினால் வலி, தொட்டால் வலி, தொட்ட விரலைச் சட்டென்று எடுத்தால் அதைவிட வலி. கூச்சலிடுகிறவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நம் ஜனங்கள், சத்தமில்லாமல் கிடக்கிறவனை "தூங்குகிறான், எழுப்பாதே" என்று விட்டுவிடுகிறார்கள்.

பெண்களின் சங்கதி இதைவிட மோசமானது. கரு, கருப்பையில் தங்குவதற்குப் பதிலாகச் சினைக்குழாயிலேயே தங்கிவிடுவது நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு உண்டு. ஆறு, எட்டு வாரத்தில் அந்த மெல்லிய குழாய் கிழிந்தால் ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வெளியில் சொட்டுச்சொட்டாகத்தான் தெரியும். அடிவயிற்றில் ஒருபுறம் வலி, தலைச்சுற்றல், மயக்கம், சில சமயம் தோள்பட்டையில் வலி. கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிடும். 1883-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லாசன் டெய்ட் என்பவர் கிழிந்த குழாயை அறுத்தெடுத்துப் பிழைக்க வைக்கலாமென்று காட்டும்வரையில், இப்படிப்பட்ட பெண்களில் அநேகர் மாண்டே போனார்கள். இன்று சிறுநீரில் ஒரு பரீட்சையும் ஒரு ஸ்கானும் போதும், சந்தேகம் தெளிவதற்கு.

ஆனால் அந்தப் பரீட்சையைச் செய்ய விடுகிறோமா? பிள்ளைபெறும் வயதுப் பெண் அடிவயிற்று வலியென்று வந்தால் "கடைசியாகத் தூரமானது எப்போது? கர்ப்பமாயிருக்க ஏதுவுண்டா?" என்று கேட்பது டாக்டருடைய முதல் கடமை. கல்யாணமாகாத பெண்ணானாலும், விதவையானாலும், கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவளானாலும் கேட்டே தீரவேண்டும். கேட்டவுடன் பெற்றோருக்குக் கோபம் வருகிறது. "எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்பதா" என்று டாக்டர்மேல் பாய்கிறார்கள். பெண்ணோ பக்கத்தில் நிற்கும் தகப்பனையும் அண்ணனையும் பார்த்துவிட்டு இல்லையென்கிறாள். ஒரு பெண்ணுக்கு உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது குடும்பம் காப்பாற்ற நினைப்பது அவளுடைய உயிரையா, தங்கள் மானத்தையா? மானமென்று இவர்கள் சொல்லுவது அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானதுகூட அல்லவே! கூட வந்த ஆண்பிள்ளைகள் வெளியே போய் நிற்கட்டும். டாக்டரும் பெண்ணும் தனியாகப் பேசட்டும். இதைத் தவிர வேறு மரியாதை ஒன்றும் அங்கே தேவையில்லை.

சினைப்பை முறுக்கிக்கொள்ளுவதும், கருக்குழாயில் கிருமி கண்டு சீழ் பிடிப்பதும் இதே இடத்து வலிகள்தான். மாதந்தோறும் தூரத்தின்போது படுத்த படுக்கையாகிவிடும் வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பொம்பளை என்றால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று சொல்லிச்சொல்லி, கருப்பையின் உட்சவ்வு போன்ற சதை வெளியிலும் வளர்ந்து வருத்தும் வியாதியை வருஷக்கணக்காக மூடி வைத்துவிடுகிறோம். அதற்கும் வைத்தியமுண்டு.

வெட்கம் பெண்களைத்தான் பிடித்திருக்கிறதென்று ஆண்கள் இறுமாக்க வேண்டாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் நடுராத்திரியில் அடிவயிற்றில் வலியென்று வாந்தியெடுப்பான். விதைப்பை வீங்கியிருப்பதைத் தாயிடம் சொல்ல வெட்கப்பட்டு வயிற்றையே காட்டுவான். உள்ளே விதை முறுக்கிக்கொண்டு ரத்தம் நின்றிருக்கும். ஆறு மணி நேரத்திற்குள் அறுத்து முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒருநாள் கழிந்தால் அநேகமாக அழுகியே போகும். தகப்பன் விளக்கைப் போட்டு நேரில் பார்த்துக் கேட்கவேண்டிய சங்கதி இது. அதேபோல் வயதான பெரியவர்கள் புராஸ்டேட் சுரப்பி வீங்கி நீர் இறங்காமல் அடிவயிறு குடம்போல் உப்பித் தவிப்பதும், பல வருஷமாகக் கோவணத்தில் இறுக்கிக் கட்டிவைத்திருந்த குடலிறக்கம் ஒருநாள் உள்ளே போகாமல் சிக்கி நீலம் பாரிப்பதும் எல்லா ஊரிலும் உண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு வயிறு வலித்தவர்களெல்லாம் நடுங்கவேண்டாம். மலச்சிக்கல், அஜீரணம், நீர்க்கடுப்பு, சீதபேதி ஆகியவைகளே வழக்கமாகக் காணும் காரணங்கள். வலி மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்து, உடம்பு இளைத்து, சாயங்கால ஜுரமும் இருந்தால் குடலில் காசநோயா என்று பார்க்கவேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமல்ல. லண்டன் வைத்தியர் ஜக்கரி கோப் என்பவர் 1921-ல் எழுதிய நூல் ஒன்றில் சொன்ன ஒரு கணக்கு இன்றைக்கும் உபயோகமானது: நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனிதனுக்குத் திடீரென்று கண்ட கடும் வயிற்றுவலி ஆறு மணி நேரத்திற்குமேல் நீடித்தால், அது பெரும்பாலும் அறுவை வைத்தியர் பார்க்கவேண்டிய வலியே என்பது. மயக்கமோ, ஜுரமோ, ரத்தப்போக்கோ, வயிற்று இறுக்கமோ, கர்ப்பமாயிருக்க ஏதுவோ இருந்தால் அந்த ஆறு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. 108-க்குச் சொல்லிவிட வேண்டியதுதான். அதுவரையில் விளக்கெண்ணெயும் பேதிமருந்தும் கொடுப்பதும், நீவுவதும், சூடு போடுவதும் அழுகின குடலை வெடிக்கவைக்கிற வேலைகள். மருந்துக்கடையில் "கேஸ்" என்று சொல்லி ஊசி போட்டுக்கொள்ளுவதும் குழல் வைத்து உறிஞ்சுவதற்கு நெருங்கின உறவுதான். உடுப்பு மாத்திரம் வெள்ளை. சோறு, தண்ணீர் கொடுக்காமல் கொண்டுபோவது நல்லது. அறுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்கவேண்டும்.

பகுத்தறிவு பேசிவிட்டால் மாத்திரம் குடல்வால் வெடியாது என்று நம்மவர்களும் எண்ணிவிடக் கூடாது. ஆவிகளோடு பேசுகிறோமென்று ஏய்த்தவர்களை ஊர் ஊராகப் போய் அம்பலப்படுத்திய மாயவித்தைக்காரர் ஹௌடினியை விட மோசக்காரர்களை அறிந்தவர் யார்? 1926 அக்டோபரில் மான்ட்ரியல் நகரத்தில் ஒரு மாணவன் அவர் வயிற்றில் குத்தினான். அதற்கப்புறம் கண்ட வலியோடு டாக்டரிடம் காட்டாமல் திரிந்தார். 24-ந் தேதி 104 டிகிரி ஜுரத்தோடு டிட்ராயிட்டில் மேடையேறினார். பிறகு அறுத்துப் பார்த்தபோது குடல்வால் வெடித்துக் கிடந்தது. 31-ந் தேதி இறந்தார். குத்தினால்தான் வெடித்ததா என்பது சந்தேகம். தாமதத்தால் செத்தார் என்பதில் சந்தேகமில்லை. வாயாடி நாத்திகனும் விபூதிக்காரனும் ஒரே படுக்கையில் சாகிற இடம் இது.

அதேசமயம் பூசாரியை இறக்கிவிட்ட பீடத்தில் டாக்டரை ஏற்றி உட்கார வைக்கவும் நாம் சம்மதியோம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாகாணங்களில் வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் என்று வந்த ஏழைப் பெண்களுக்கு, வேண்டாத கருப்பை ஆபரேஷன் செய்து பணம் பறித்ததாக வந்த வழக்கில் 2023-ல் உச்சநீதிமன்றம் தலையிட்டு, இதைத் தடுக்க விதிகளை அமுல் நடத்தும்படி மாகாணங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடு என்றால் ஏன் என்று கேட்கவேண்டும். இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்கவேண்டும். குடல்வால் வீக்கத்திற்கே சிக்கலில்லாவிட்டால் ஆபரேஷனில்லாமல் கிருமிக்கொல்லி மருந்தினாலும் பார்க்கலாமென்று பின்லாந்து தேசத்தில் பரீட்சித்து 2015-ல் வெளியிட்டார்கள். அப்படி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஒரு வருஷத்திற்குள் ஆபரேஷன் வேண்டியிருந்தது, மற்றவர்களுக்கு அந்த ஒரு வருஷத்தில் வேண்டியிருக்கவில்லை. இப்படித் தன் பழைய வழக்கத்தையே எடைபோட்டு, ஜெயித்த கணக்கோடு தோற்ற கணக்கையும் சேர்த்து அச்சிடுகிற மந்திரவாதியை நாம் இதுவரை கண்டதில்லை.

முன்சொன்ன வீட்டில் சென்ற மாதம் அந்தப் பெண்ணின் கொழுந்தனுக்கு, பன்னிரண்டு வயதுப் பையன், ராத்திரி ஒன்பது மணிக்கு வயிற்றுவலி கண்டது. மாமியார் விபூதி மடலை எடுக்கப் போனாராம். அந்தப் பெண் மரியாதையாகவே, "அத்தை, நெற்றியில் வேணும்னா பூசுங்க, வயிற்றை யாரும் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தானே ஆட்டோ பிடித்துப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பார்த்ததில் வெறும் மலச்சிக்கல். எனிமா கொடுத்து விடியுமுன் அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கு ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் தண்டம் என்று மாமனார் நம்மிடத்தில் குறைபட்டுக்கொண்டார். மயிர்ச் சுருணைக்குக் கொடுத்த ஆயிரத்தைந்நூறை ஞாபகப்படுத்தினோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.